டபுள் ஷிப்ட்

சாயங்காலம் ஆறரை மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு பொய் சொல்லப்படும். ஐந்து வருடமாக, கிட்டத்தட்ட தினமும். சொல்வது அம்மா. கேட்பது அப்பாயி.

லால்குடியில் எங்கள் தெருவுக்கு ரயில் சத்தம் நன்றாகக் கேட்கும். தாத்தா டால்மியாபுரம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர். பகல் ஷிப்ட் முடிந்ததும் பாசஞ்சர் பிடித்து வந்துவிடுவார். அவர் இறந்தது 2011இல். அப்பாயிக்கு வந்திருப்பது டிமென்ஷியா என்று டாக்டர் சொன்னது 2019இல். அதற்கடுத்த வருடத்திலிருந்து, ரயில் சத்தம் கேட்டால் அப்பாயி வாசலுக்கு வந்து நிற்க ஆரம்பித்தாள்.

"வண்டி போயிருச்சே. இன்னும் அவரைக் காணமே?"

"மாமாவுக்கு இன்னைக்கு டபுள் ஷிப்டாம் அத்தை. ஆள்விட்டுச் சொல்லி அனுப்பிச்சாங்க. நீங்க சாப்பிட்டுப் படுங்க."

"அந்த மனுசனுக்கு இதே பொழப்பு." கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள்.

இருட்டுகிற நேரத்தில் மறதிநோய்க்காரர்களுக்குப் பதற்றம் கூடுவதை டாக்டர்கள் 'சன்டவுனிங்' என்கிறார்கள். பல வீடுகளில் அந்த நேரம் அடிதடி வரைக்கும் போவதுண்டு. எங்கள் வீட்டில் அதை ஒற்றை வாக்கியம் தடுத்து நிறுத்தியது. அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது தப்பா இல்லையா என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். அம்மா யோசித்ததாகத் தெரியவில்லை. அவளுக்கு நேரமில்லை.

பெங்களூரில் இருக்கும் அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "பெத்தவங்ககிட்ட தினமும் பொய் சொல்றதா அண்ணி? எடுத்துச் சொன்னா புரிஞ்சுப்பாங்க" என்று போனில் சொல்வாள். அத்தை மோசமானவள் இல்லை. தன் அம்மாவை இன்னும் முழு மனுஷியாக மதித்ததால்தான் அப்படிச் சொன்னாள். 2021 தீபாவளிக்கு வந்திருந்தபோது ரயில் போனது. அப்பாயி கேட்டாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் அத்தை அப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, அன்பாக, உண்மையைச் சொன்னாள். "அப்பா போயி பத்து வருசம் ஆச்சும்மா."

அப்பாயி உடனே அழவில்லை. "எப்ப எடுத்தாங்க?" என்று கேட்டாள். அப்புறம், "எனக்கு ஏன் யாருமே சொல்லல?" அதற்கப்புறம்தான் அழுகை. "மொகத்தைக்கூட காட்டாம கொண்டு போயிட்டீங்களேடி" என்று மாரில் அடித்துக்கொண்டாள். புதிதாக ஏதோ சாவு விழுந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் இருந்து ஓடி வந்தார்கள். ஒரு மணி நேரத்தில் சொன்ன விஷயம் மறந்துபோனது. அழுகை மட்டும் நிற்கவில்லை. "ஏன் அழுவுறேன்னு தெரியலையே" என்று அதற்கும் அழுதாள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படத்துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தது மறந்த பிறகும் சோகம் மட்டும் அவர்களிடம் தங்கியிருந்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்தத் தீபாவளி ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

ஆனால் என்னை அசைத்தது அழுகை இல்லை. அவள் கேட்ட கேள்வி. எனக்கு ஏன் யாருமே சொல்லல? தாத்தாவின் தலைமாட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவளே அவள்தான். பதினாறாம் நாள் காரியம் வரை எல்லாவற்றையும் அவள்தான் முன்நின்று நடத்தினாள். அத்தை சொன்ன வாக்கியம் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அது அப்பாயியின் காதில் போய்ச் சேர்ந்தபோது, 'உன் புருஷன் செத்ததைப் பத்து வருஷமா உன்கிட்ட மறைச்சுட்டோம்' என்றாகிவிட்டது. அது சுத்தப் பொய். துக்கம் கொண்டாடி முடித்த ஒருத்தியை, துக்கத்துக்கே அழைக்கப்படாதவளாக ஆக்கிவிட்டது அந்த உண்மை. வார்த்தையில் இருந்தால் மட்டும் உண்மை உண்மையாகிவிடாது போல. கேட்கிறவரிடம் அதை வாங்கி வைக்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

இந்தச் சண்டை எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. ஒரு காலத்தில் மேற்கத்திய மருத்துவமனைகளில் இன்று என்ன தேதி, இது எந்த ஊர், உங்கள் கணவர் உயிரோடு இல்லை என்று திரும்பத் திரும்ப நினைவூட்டுவதே சிகிச்சையாக இருந்தது. பிறகு நேயோமி ஃபெய்ல் மாதிரியானவர்கள் வந்து, திருத்தாதீர்கள், அவர்கள் இருக்கும் காலத்துக்கு நீங்கள் போங்கள் என்றார்கள். ஜெர்மனியில் டுசல்டோர்ஃப் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் வாசலில் பஸ்ஸே வராத ஒரு பஸ் ஸ்டாப்பை வைத்தார்கள். வீட்டுக்குப் போகணும் என்று கிளம்பும் முதியவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பதற்றம் அடங்கிவிடும். பணியாள் வந்து, பஸ் லேட்டாகும், உள்ளே வந்து ஒரு காபி குடிக்கலாமே என்பார். எங்கள் அம்மாவின் டபுள் ஷிப்ட்தான், ஊர் மட்டும் வேறு.

எதிர்ப்பக்கத்திலும் லேசான ஆட்கள் இல்லை. மறதிநோய்ப் பராமரிப்பையே புரட்டிப்போட்ட டாம் கிட்வுட், 1997இல் வந்த தன் புத்தகத்தில், நோயாளியின் மனுஷத்தன்மையை அரிக்கும் 17 நடத்தைகளைப் பட்டியல் போட்டார். திசைதிருப்பவோ சொன்னபடி கேட்க வைக்கவோ ஏமாற்றுவதும் அதில் ஒன்று. அதற்கு அவர் வைத்த பெயர் துரோகம். நோய் மட்டுமல்ல, கூட இருப்பவர்கள் நடத்தும் விதமும் ஒருவரை அழிக்கும் என்று நம்பியவர் அவர். அந்தப் பட்டியலைப் படித்த அன்று சாயங்காலம் அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

பொய் என்றால் கான்ட்டிடம் போகாமல் இருக்க முடியாது. கொலைகாரன் வாசலில் வந்து நின்று உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் எழுதியவர். கல்லூரியில் இதைப் படித்தபோது சிரித்திருக்கிறோம். ஆனால் கான்ட்டின் கடைசி வருடங்களைப் பற்றி அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்கும் நினைவு தப்பிக்கொண்டே போனது. துண்டுச் சீட்டுகளிலும் சின்ன நோட்டிலும் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டார். சுமார் நாற்பது வருடம் கூட இருந்த வேலைக்காரர் லாம்பெயை 1802இல் அனுப்பிய பிறகு, லாம்பெ என்ற பெயரை முற்றிலும் மறந்துவிட வேண்டும் என்று நோட்டில் குறித்துக்கொண்டாராம். மறப்பதற்கு ஒரு ஞாபகக் குறிப்பு! வாசியான்ஸ்கி என்ற பாதிரியார்தான் அவருடைய வீட்டையும் உடம்பையும் பார்த்துக்கொண்டார், 1804இல் கான்ட் இறக்கும் வரை. காபி கேட்டு ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க முடியாமல் கான்ட் துடிக்கும்போதெல்லாம், இதோ வந்துகொண்டே இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த 'இதோ' ஒவ்வொரு தடவையும் உண்மையாகவா இருந்திருக்கும்?

நம்மூர் ஆசான் கொஞ்சம் நெகிழ்வானவர். வாய்மை அதிகாரத்தின் இரண்டாவது குறளில், குற்றமில்லாத நன்மையைத் தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் உட்காரலாம் என்கிறார். அம்மாவுக்காக வாதாட இது போதும் என்று நினைத்தேன். ஆனால் அந்த 'குற்றமில்லாத' என்ற நிபந்தனை உறுத்திக்கொண்டே இருந்தது. குற்றமில்லை என்று யார் பார்த்துச் சொல்வது? ஏமாற்றப்பட்டவர் பிற்பாடு விஷயம் தெரிந்து, நீ செய்தது சரிதான் என்று சொல்லலாம். அல்லது கன்னத்தில் அறையலாம். அப்பாயியால் இரண்டும் முடியாது.

பிளேட்டோவின் குடியரசில் ஒரு மோதிரக் கதை வரும். ஆட்டிடையன் ஒருவனுக்குக் கிடைக்கிறது அந்த மோதிரம். திருப்பிப் போட்டால் அவன் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான். மாட்டவே மாட்டோம் என்று தெரிந்த பிறகும் ஒருவன் நேர்மையாக இருப்பானா என்பது அங்கே கேள்வி. மறதிநோய்க்காரரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லோர் விரலிலும் அந்த மோதிரம் இருக்கிறது. நாம் என்ன சொன்னாலும், செய்தாலும், அரை மணி நேரத்தில் சாட்சி காணாமல் போய்விடும்.

நான் அதை ஒருநாள் திருப்பிப் போட்டேன்.

வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த சமயம். அம்மா ஒரு கல்யாணத்துக்குத் திருச்சி போயிருந்தாள். ஹாட்பாக்ஸில் சோறு, பக்கத்தில் குழம்பு, கீரை. "பன்னண்டரைக்குப் போட்டுக் குடுத்துர்றா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அப்பாயி சாப்பிட்டுவிட்டு, சாப்பிடவே இல்லை என்று சொல்வது அப்போது வழக்கமாகியிருந்தது. "இப்பதானே சாப்பிட்ட அப்பாயி" என்று நாங்கள் சொல்வதும் வழக்கமாகியிருந்தது. அன்றைக்கு எனக்கு மீட்டிங் மேல் மீட்டிங். பதினொன்றரையிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒன்றேகால் இருக்கும், மைக்கை அணைத்துவிட்டு, "இப்பதானே சாப்பிட்ட" என்றேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது என்று எழுத ஆசைதான். இல்லை. சொல்லும்போதே அவள் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

"அப்படியா?" என்றாள். வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "சரி தம்பி" என்று போய்விட்டாள்.

நாலு மணிக்கு அம்மா வந்து ஹாட்பாக்ஸைத் திறந்து பார்த்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அப்பாயியிடம் போய், "சாப்பிட்டீங்களா அத்தை?" என்றாள். "ஓ, நல்லா சாப்பிட்டேனே. தம்பிதான் போட்டான்."

என் பொய்யை அவள் தன் ஞாபகமாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் காப்பாற்ற அவள் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாள். அம்மா அவளுக்கு ரசம் சோறு பிசைந்து ஊட்டியபோது அவள் சாப்பிட்ட வேகத்தை என்னால் நின்று பார்க்க முடியவில்லை.

இரண்டும் பொய்தான். டபுள் ஷிப்டும், இப்பதானே சாப்பிட்டதும். முன்னது அவளுக்காக, பின்னது எனக்காக என்று சொல்லிவிட்டால் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் டபுள் ஷிப்டால் அம்மாவுக்கும் நிம்மதிதான், அதை அவளே மறுக்க மாட்டாள். வித்தியாசம் வேறு எங்கோ இருக்கிறது. டபுள் ஷிப்ட் என்பது அம்மா கற்பனை செய்ததில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் நூறு தடவையாவது வாசலில் நின்று அவள் கேட்ட செய்தி அது. அந்தச் செய்தி வந்தால் அப்பாயி கோபித்துக்கொள்வாள், ஆனால் பயப்பட மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். அப்பாயியின் வாழ்க்கைக்குள்ளிருந்தே எடுத்த பொய் அது. வெளியாளால் அதைச் சொல்லவே முடியாது. என் பொய்யை யாரும் யாருக்கும் சொல்லலாம்.

குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் நாட்களில் "கோயிலுக்குப் போகணும் அத்தை, குளிச்சிருவோம்" என்பாள் அம்மா. குளித்து முடித்ததும் அப்பாயிக்குக் கோயில் மறந்திருக்கும். ஆனாலும் அம்மா தெருமுனைப் பிள்ளையார் வரைக்கும் கைபிடித்துக் கூட்டிப்போவாள். "அதான் மறந்துடுச்சே, ஏம்மா வெயில்ல?" என்று ஒரு தடவை கேட்டேன். "நான் மறக்கலையேடா" என்றாள்.

இதையெல்லாம் எழுதிவிட்டு அம்மாவைத் தெய்வமாக்கிவிட எனக்கு விருப்பமில்லை. தெய்வமாக்குவது நாம் வேலையைப் பங்குபோடாமல் தப்பிக்கும் வழி. அம்மாவும் கத்தியிருக்கிறாள். ஒருமுறை அப்பாயியின் கையை அழுத்தப் பிடித்து, ரத்தம் கட்டியிருக்கிறது. அதை என்னிடம் சொன்னபோது, "யாருக்கும் தெரியாதுடா, அதுக்கே தெரியாது, அதான் பயமா இருக்கு" என்றாள். பிளேட்டோவை அவள் படித்ததில்லை. 2023இல் வெளியான ஆய்வொன்று, இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலானவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள், ஒரு மகளிடமோ மருமகளிடமோ. பார்த்துக்கொள்கிறவளை வேறு யாரும் பார்ப்பதில்லை. தனியாக ஒருத்தியை ஐந்து வருஷம் அந்த மோதிரத்தோடு விட்டுவிட்டு, அவள் நல்லவளாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

அதற்கப்புறம் ஒரு ஏற்பாடு செய்தோம். அடுப்படியில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. சாப்பாடு, மாத்திரை, வெளிக்குப் போனது எல்லாம் அதில் ஏறும். கூடவே அன்றைக்கு அப்பாயியிடம் என்ன பொய் சொன்னோம் என்பதும். வாழைப்பழத்தில் மாத்திரையை ஒளித்துக் கொடுத்தால் அதுவும் உண்டு. (சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது, டாக்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.) எழுதக் கூச்சமாக இருக்கும் பொய்யைச் சொல்வதில்லை என்பது மட்டும்தான் விதி. பிற்பாடுதான் கவனித்தேன். மற்றவர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் காரணத்தை வெளியே சொல்ல முடியாவிட்டால் அந்தச் செயல் தப்பு என்று 1795இலேயே எழுதியிருக்கிறார், அதே கான்ட். அரசியலுக்காகச் சொன்னது. அடுப்படிக்கும் ஆகிறது.

அத்தை இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பத்து நாள் வந்து இருக்கிறாள். அந்தப் பத்து நாளும் அம்மா தன் அக்கா வீட்டுக்குப் போய்த் தூங்குகிறாள், நிஜமாகவே தூங்கத்தான் போகிறாள். போன தடவை அத்தை கிளம்பிப் போன பிறகு நோட்டைப் புரட்டினேன். முதல் நாள் பக்கத்தில், சாயங்காலத்துக்கு நேராக, அவளுடைய குண்டுகுண்டான கையெழுத்தில்: 'அப்பாவுக்கு டபுள் ஷிப்ட். ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு இட்லி.'