தெய்வம் காலிசெய்த அரண்மனை

கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். நிலத்தீர்வை வாங்கி ரசீது கிழித்துக் கொடுத்தே காலம் போனது. "இந்தக் கவர்மென்டுக்கு நான் எதுக்குத் தீர்வை கட்டணும்?" என்று கேட்காத ஊர் கிடையாது. பெரும்பாலும் கையில் காசில்லாத கோபம், அறுவடையானால் அடங்கிவிடும். அதே கேள்வியைத் தெய்வத்தின் பேரால் கேட்டவர் எங்கள் குமரி மாவட்டத்து அய்யா வைகுண்டர்.

1750-இல் ராஜா மார்த்தாண்ட வர்மா, குமரியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரைப் பத்மநாபசுவாமிக்கே எழுதிக்கொடுத்து, தம்மைப் பத்மநாபதாசன் என்று சொல்லிக்கொண்டார். அன்று முதல் ராஜா விதித்தது சாமி விதித்தது. தலைவரி, பனைவரி, கூலியில்லா ஊழியம், தாழ்ந்தவை என்று ஒதுக்கிய சாதிகளின் பெண்கள் மேலாடை போடத் தடை என்று எதை மறுத்தாலும் ராஜத்துரோகத்தோடு பாவமும் சேர்ந்தது.

வைகுண்டர் காட்டிய அய்யாவழி இதற்குச் சாமி இல்லை என்று பதில் சொல்லவில்லை. அதன் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை சொல்லும் கதையில், அனந்தபுரத்து (திருவனந்தபுரம்) நீசனான ராஜாவின் கொடுமை பொறுக்காமல், பத்மநாபராக இருந்த நாராயணரே அங்கிருந்து கிளம்பித் திருச்செந்தூருக்கு வந்துவிடுகிறார். வீட்டுக்காரர் காலிசெய்த பிறகு வாசலில் அதிகாரம் பண்ணும் காரியஸ்தருக்கு என்ன மதிப்பு? ராஜா சுவாதித் திருநாள் காலத்தில் வைகுண்டரைச் சிங்காரத்தோப்பில் சிறைவைத்து 1839-இல் விட்டார்கள். அப்போதும் அவர் சனங்களுக்குச் சொன்னது பொறுமையைத்தான்.

ஆளாளுக்குச் 'சாமி என் பக்கம்' என்றால் ஊர் தாங்குமா? ராஜாவும் அதைத்தானே சொன்னார்? நியாயமான கேள்வி. அய்யாவின் பதி இருக்கும் சாமிதோப்பில் போய்ப் பாருங்கள். பள்ளியறையில் சிலைக்குப் பதில் கண்ணாடி. ஆண்கள் சட்டையைக் கழற்றித் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போகவேண்டும். தலைப்பாகை கட்டவே உரிமையில்லாதிருந்த சனங்களுக்கு அய்யா வைத்த விதி இது. அங்குள்ள முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதிக்கும் ஒரே தண்ணீர். ஒருவர் சாமி பேரால் குனியவைத்தார், இன்னொருவர் அதே பேரால் நிமிரவைத்தார்.

அரசை ஏற்கமாட்டேன் என்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் மறுப்பில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டா? தன் தீர்வையை மட்டும் தள்ளிவிட்டு, அடுத்தவர் காசில் போட்ட ரோட்டில் போகிறவரை அய்யாவோடு சேர்க்க முடியாது.

அரசுக்கும் ஒரு கேள்வி உண்டு. என் மேஜைக்கு முன்னால் வந்ததும் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிய கிழவர்கள் உண்டு. "தோளிலேயே கிடக்கட்டும் பாட்டா" என்றாலும் கேட்கமாட்டார்கள். ஓட்டுப் போட்டவரைக் கூசவைக்கும் ஆபீஸ், சட்டப்படி எத்தனை ரசீது கொடுத்தாலும் ராஜாவின் ஆபீஸ்தான்.