கையுறையை யார் மாட்டிக்கொள்வது?

எங்கள் சேரியில் ஒரு அத்தை இருந்தாள். காது கேட்காது, பேச்சும் வராது. அவளுக்கென்று பெயர் இருந்தும் யாரும் அதைச் சொன்னதில்லை, ‘ஊமச்சி’தான். ஊர்த்தெருவில் அதோடு சாதியையும் சேர்த்துக்கொள்வார்கள். நடவுக் கூலி குறைந்தால் புருவத்தை நெறித்து, விரல்விட்டு எண்ணி, உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். கூட நட்ட பொம்பளைங்க எல்லாருக்கும் புரியும். ஆண்டைக்கு மட்டும் புரியாது. “என்னாடி சொல்றா இவ?” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரியும்.

இப்போது கையுறை வந்திருக்கிறது என்கிறார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் 2016இல் இப்படி ஒன்றைச் செய்து 10,000 டாலர் பரிசு பெற்றார்கள். கையின் அசைவை உணரிகள் அளக்கும். கணினி அதைத் தன்னிடமுள்ள சைகைகளோடு ஒப்பிடும். பொருந்தினால் ஒலிபெருக்கி பேசும். பத்திரிகைகள் கொண்டாடின. அதே பல்கலைக்கழகத்தில் சைகைமொழி கற்பிக்கும், காது கேளாத ஆசிரியர் உள்ளிட்டோர் மறுத்துத் திறந்த கடிதம் எழுதினார்கள்.

மறுப்பு நியாயமானது. சைகைமொழி கையில் மட்டும் இல்லை. புருவம், உதடு, தோள், பார்வை எல்லாம் அதன் இலக்கணம். கை ஒன்றாகவே இருக்க, முகம் மாறினால் செய்தி கேள்வியாகிவிடும், மறுப்பாகிவிடும். அத்தையின் கைக்கு உறை மாட்டியிருந்தால் எண்ணிக்கை கேட்டிருக்கும், கோபம் கேட்டிருக்காது. 2020இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் கையுறையோடு முகத்தில் ஒட்டும் உணரிகளையும் செய்தார்கள். ஆக, முகத்திலும் ஒட்டிக்கொள்ள வேண்டியவர் காது கேளாதவர்தான். காது கேட்பவர் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டாம், எதையும் கற்க வேண்டாம்.

இந்த ஏற்பாடு நமக்குப் பழக்கமானது. குளி, வெள்ளையாக உடுத்து, மாட்டுக்கறியை விடு, ஊர்ப் பேச்சைப் பேசு, பிறகு பார்க்கலாம் என்று நம்மிடமும் சொன்னார்கள். திருந்த வேண்டியவன் எப்போதும் ஒதுக்கப்பட்டவன்தான், ஒதுக்கியவன் அல்ல.

குரல் கிடைத்தால் கேட்டுவிடுவார்களா? இந்தச் செங்கல்பட்டில் 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் நம் நிலைமையை அரசுக்கு எழுதினார். அது ஒரு மொழிபெயர்ப்பு. பயனும் இருந்தது, 1892இல் பஞ்சமி நிலத்துக்கான ஆணை வந்தது. நிலம் பிறகு கைமாறிப்போனது. நூறு வருஷம் கழித்துக் காரணை நிலத்துக்காக நம் ஆட்களே திரண்டு வந்து, நல்ல தமிழில், உரத்த குரலில் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். பேசத் தெரியாததாலா சுட்டார்கள்? பேசியது புரிந்ததால்தான் சுட்டார்கள்.

அப்படியானால் கருவியே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். நடுராத்திரியில் ஆஸ்பத்திரியில் “நெஞ்சு வலி” என்று சொல்ல ஒரு பெட்டி உதவினால் உதவட்டும். ஆனால் பெட்டி இருக்கிறதே என்று மொழிபெயர்ப்பாளரை வைக்காமல் விடுவதும், பள்ளியில் சைகைமொழியை மறுப்பதும் அநீதி. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. பார்வையும் கேள்வியும் ஒருசேர இல்லாதவர்களிடம் உள்ளங்கையைத் தொட்டுப் பேசும் முறையும் இருக்கிறது. அங்கே தொடுவதே மொழி. தீண்டாமையில் ஊறிய சமூகம் அந்த மொழியை எந்தக் கையால் கற்கும்?

கடைசியாக நமக்கும் ஒரு கேள்வி. அம்பேத்கர் 1920இல் தொடங்கிய பத்திரிகைக்கு ‘மூக்நாயக்’, ஊமைகளின் தலைவன் என்று பெயர். அன்று அது போர்க்குரல். ஆனால் இன்றும் நம் மேடைகளில் ‘செவிட்டு அரசே’ என்கிறோம், ‘ஊமை ஜனங்கள்’ என்று எழுதுகிறோம். சாதிப் பெயரை வசவாக்குவதற்குக் கொதிக்கிற நாம், இன்னொருவர் உடம்பை வசவாக்குகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். அரசு செவிடு இல்லை. காது உள்ள அரசு அது, கேட்க மறுக்கிறது.

நடவுப் பொம்பளைங்க யாரும் பள்ளிக்கூடம் போய்ச் சைகை கற்கவில்லை. சேற்றில் பக்கத்தில் நின்றார்கள், அவள் முகத்தைப் பார்த்தார்கள், புரிந்தது. அத்தையின் உண்மையான பெயரை நானும் விசாரித்தது அவள் செத்த பிறகுதான்.