நினைவு பிரமாணமாகுமா?

நினைவைப் பிரமாணங்களின், அதாவது மெய்யறிவு பிறக்கும் வழிகளின், வரிசையில் சேர்ப்பதா கூடாதா என்று நம் நாட்டுத் தார்க்கிகர்கள் பல நூற்றாண்டுகள் வாதிட்டதை வெறும் சொற்போர் என்று ஒதுக்குகிறவர்கள், எக்ஸ் கதிர் நிறமாலைகளைக் கணினியில் பொருத்திப் பார்க்கும் ஓர் ஆராய்ச்சி மாணவனின் அருகில் ஒரு பிற்பகல் அமர்ந்திருந்தால், அந்த விவாதத்தின் கனத்தை நன்கு உணர்வார்கள். எதிரே இருக்கும் பொருள் பேசுகிறதா, முன்பு கண்ட பொருள் மனத்தில் விட்டுச்சென்ற வாசனை பேசுகிறதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு அவன் தலையில் விழுகிறது.

செம்பின் மீது பாயும் எக்ஸ் கதிரின் ஆற்றலைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போனால், 8979 எலெக்ட்ரான் வோல்ட்டை எட்டும்போது கதிரை உலோகம் விழுங்கும் அளவு செங்குத்தாக ஏறுகிறது. அந்த விளிம்புக்கு அப்பால், அணுவைவிட்டுக் கிளம்பிய எலெக்ட்ரான் அலை அண்டை அணுக்களில் மோதித் திரும்புவதால், மெல்லிய அலைவுகள் தோன்றுகின்றன. 1971-இல் சேயர்ஸ், ஸ்டெர்ன், லைட்டில் என்னும் மூவர் இந்த அலைவுகளை ஃபூரியே முறையில் மாற்றி, அண்டை அணுக்களின் தூரத்தையே அவற்றிலிருந்து வெளிக்கொணர வழிகண்டனர். ஜான் ரேர் குழுவினரின் ஃபெஃப் நிரல் ஒவ்வொரு சிதறல் பாதையையும் கோட்பாட்டின்படி கணித்துக் கொடுக்க, ராவெலும் நியூவிலும் உருவாக்கிய ஆர்ட்டெமிஸ் அந்தப் பாதைகளை அளவீட்டோடு பொருத்திக் காட்டுகிறது. தூரம், அணுக்களின் நடுக்கம், வீச்சு, ஆற்றலின் தொடக்கப்புள்ளி ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பார்த்துக் கணினி ஒரு வளைகோட்டை வரைகிறது.

பத்து கெல்வின் குளிரில் அளந்த செப்புத் தகட்டுக்கு அழகான பொருத்தம் ஒன்றை அமைத்துவிட்ட மாணவன், பாதைகளையும் எண்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, அடியிலுள்ள தரவை மட்டும் எடுத்துவிட்டு அறை வெப்பநிலையில் அளந்ததை அங்கே வைக்கிறான் என்று கொள்வோம். குளிரில் ஏறத்தாழ 0.003 சதுர ஆங்ஸ்ட்ரமாக இருந்த நடுக்க அளவு, அறை வெப்பத்தில் 0.008-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். அவனுக்கோ திரையில் பழைய எண்ணே நிற்கிறது. பொருத்தத்தைக் காட்டும் சிவப்புக் கோடும் முன்போலவே வளைகிறது. தரவு மாறவே இல்லையா, மாறியும் படம் புதிதாக வரையப்படவில்லையா, பொருத்தத்தை மறுபடி ஓட்டாமலே பழைய விடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறானா என்று ஒன்றன்பின் ஒன்றாக அவன் ஐயுற வேண்டும். அலை எண்ணின் எல்லையும் பழைய தரவுக்கென்று வகுத்ததுதான்: 3 முதல் 12 வரையிலும், தூரத்தில் 1 முதல் 3 ஆங்ஸ்ட்ரம் வரையிலும் எடுத்தால் சுமார் 11 எண்களைச் சுதந்திரமாகத் தீர்மானிக்கலாம், புதிய தரவு 10-க்கு மேல் வெறும் இரைச்சலாயிருந்தால் அந்த உரிமை 9-ஆகச் சுருங்கிவிடுகிறது. சுருங்கியதை அவன்தான் கவனித்து எல்லையைத் திருத்த வேண்டும்.

தகட்டுக்குப் பதில் செப்பு ஆக்ஸைடை வைத்தால் பிழை தானே வெளிப்பட்டுவிடும். உலோகத்தில் 2.55 ஆங்ஸ்ட்ரமில் 12 செப்பணுக்கள் சூழ்ந்திருக்க, ஆக்ஸைடிலோ முதலில் தென்படுவன 1.95-ஐ ஒட்டிய நான்கு ஆக்ஸிஜன்கள். அந்நிய அணுவின் பாதையைத் திணித்தால் நடுக்க அளவு பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போய் நிற்கலாம். வர்க்கத்தின் சராசரியான ஒன்று எதிர்மறையாகாது என்பது எல்லாருக்கும் தெரியும்; ஆகவே எவரும் ஏமாறுவதில்லை. எனக்கு அச்சமூட்டுவது இந்தக் கோணலான பொருத்தமன்று, முன்சொன்ன அழகான பொருத்தம்தான்.

அதில் நிற்கும் பழைய விடையை அறிவு என்று ஏற்கலாமா? தமிழ்நாட்டில் வாழ்ந்த தர்மராஜ அத்வரீந்திரர் தம் வேதாந்த பரிபாஷையின் தொடக்கத்திலேயே, நினைவை விலக்கிச் சொல்வதானால் முன்பு அறியப்படாததும் பின்பு மறுக்கப்படாததுமான பொருளைப் பற்றிய ஞானமே பிரமை, அதாவது மெய்யறிவு, என்று வரையறுக்கிறார். அப்படியானால் ஒரே குடத்தை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இரண்டாம் க்ஷணத்து அறிவு பழையதாகிவிடாதா என்னும் ஆட்சேபத்துக்கு, க்ஷணமும் அறிவுக்கு விஷயமாவதால் ஒவ்வொன்றும் புதிதே என்று சமாதானம் கூறுகிறார். நுட்பமான சமாதானந்தான், ஆயினும் ஒரே தகட்டை மீண்டும் மீண்டும் அளந்து, அத்தனை அளவீடுகளையும் சேர்த்துச் சராசரி எடுக்கும் ஆய்வகத்துக்கு அது போதவில்லை என்றே கருதுகிறேன். அங்கே ஐந்தாவது அளவீடு மதிப்புப் பெறுவது அது வேறொரு க்ஷணத்தைக் காட்டுவதாலா? தகட்டிலிருந்தே அது மீண்டும் பிறந்ததால் அன்றோ? ஒன்பதாம் நூற்றாண்டில் காச்மீரத்தில் நியாயமஞ்சரியை இயற்றிய ஜயந்த பட்டர் இந்த இடத்தைத்தான் தொட்டார்: புதுமை என்னும் நிபந்தனையே வேண்டாம், நினைவு பிரமாணமாகாததற்குக் காரணம், அது தன் பொருளிலிருந்து பிறவாமையே. நினைவு பொய் என்று அவர் சொல்லவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. அது மெய்யாகவே இருக்கலாம். இப்போதுள்ள பொருள் அதை ஈன்றெடுக்கவில்லை, அவ்வளவே.

இவ்வாறு பார்க்கையில், தரவு மாற்றத்தில் நேரும் சிக்கலைத் தீர்க்கும் முறைகள் எல்லாம் பிறப்பை விசாரிக்கும் முறைகளாகத் தோன்றுகின்றன. முதலில் பழைய கோட்டை அகற்றிவிட்டுப் புதிய தரவை மட்டும் தனியே வரைந்து, அதன் விளிம்பு எங்கே எழுகிறது, அலைவு எதுவரை இரைச்சலில் மூழ்காமல் நிற்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும்; அதன் பிறகே எல்லைகளை வகுக்க வேண்டும். பின்னர், முந்தைய விடையைத் தொடக்க எண்ணாக வைக்காமல், வேண்டுமென்றே வெகுதூரம் விலகிய எண்களிலிருந்து பொருத்தத்தை ஓட்ட வேண்டும்; பல திசைகளிலிருந்து புறப்பட்டும் ஒரே இடத்துக்கு அது வந்து சேருமானால், அந்த விடையைப் பழைய எண்களின் எச்சம் என்று ஐயுற இடமில்லை.

எனினும் நினைவு முழுவதையும் துரத்திவிட இயலாது. வீச்சுக் குறைப்புக் காரணியும் அண்டை அணுக்களின் எண்ணிக்கையும் சமன்பாட்டில் ஒன்றையொன்று பெருக்கியே வருவதால், எண்ணிக்கை தெரியாத மாதிரியில் அவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆகவே எண்ணிக்கை தெரிந்த தகட்டிலிருந்து அந்தக் காரணியைப் பெற்று, இங்கே அசையாத எண்ணாக நிறுத்திக்கொள்கிறார்கள். இது கடன் வாங்கிய ஞானம். அதைக் கணினி தேடிப் பிடித்த எண்களோடு கலந்துவிடாமல், எந்தத் தகட்டிலிருந்து, எந்த வெப்பநிலையில், எந்த எல்லைக்குள் பெறப்பட்டது என்று பெயர் சொல்லித் தனியே எழுதி வைக்கும் ஆய்வாளனிடம் ஜயந்த பட்டரும் குறை காணமாட்டார்.