மறுக்க இயலாதவனின் சம்மதம்

அமானிதம் என்னும் சொல்லுக்கு நம் வணிகர்களிடம் விளக்கம் கூற வேண்டுவதில்லை. தோட்டத்து லயத்தில் குடியிருந்த தொழிலாளி, ஊருக்குப் போகும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று தம் சிறு சேமிப்பைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துச் சென்ற காலம் ஒன்றிருந்தது. இரசீதும் இல்லை, சாட்சியும் இல்லை. கேட்ட அன்று எண்ணித் திருப்பிக் கொடுத்த நாணயமே நம் முன்னோரின் உண்மையான முதல். ஆனால் பணத்தினும் கனமான ஒன்றையும் மனிதன் பிறரிடம் ஒப்படைக்கிறான். அது அவனுடைய கலங்கிய மனம். அதனைக் கையேற்பவர் மருத்துவராயினும், ஆலோசகராயினும், ஆராய்ச்சியாளராயினும், அவருக்குரிய கடமை யாது? இதுவே நாம் இங்கு சிந்திக்கப் புகும் வினா.

இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் நெகிரி செம்பிலானிலேயே, அதுவும் நாம் விற்று வாங்கிய அரிசியைக் குறித்தே, ஒரு வரலாறு உண்டு.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்று மாண்டோர் பல்லாயிரவர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்களை அது வாரிக்கொண்டு போயிற்று. தோட்டத்துத் தமிழர்களையோ பெரும்பாலும் தீண்டவில்லை. முன்னவர் உண்டது தீட்டிய பச்சரிசி; பின்னவர் உண்டது புழுங்கலரிசி. நோயின் வேர் அரிசியில்தான் இருக்கிறது என்று வாதாடியவர் நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவராயிருந்த பிராடன். அவருடைய கூற்றைப் பலர் ஏற்கவில்லை.

அதைச் சோதித்துப் பார்க்க முனைந்தார் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர். அவர் தேர்ந்த இடம் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதி. 1905 டிசம்பரில் நோயாளிகள் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தப்பட்டு எண்ணப்பட்டனர். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு கட்டடத்துக்கு. அவர்களுக்கு வழக்கம்போல் சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்ணினர் எதிர்க் கட்டடத்துக்கு; அவர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. ஓராண்டு கழிந்தது. பச்சரிசி உண்ட சுமார் 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவரில் அந்நோய்க்கு இரையானவர் ஒருவருமில்லை. 1907இல் இம்முடிவு இலண்டனில் அச்சேறியது. அவ்வாண்டிலேயே பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் நம் ஜெலபு வட்டாரத்து டுரியான் தீப்புஸ் காட்டில், சாலை போட வந்த சாவகத் தொழிலாளர் சுமார் 300 பேரிடம் இதே சோதனையைத் தொடங்கி உண்மையை உறுதிப்படுத்தினர். தீட்டும்போது கழியும் தவிட்டிலேதான் உயிர்ச்சத்து இருக்கிறது என்னும் அறிவு வளர இவை துணை நின்றன. அதனால் பிழைத்த உயிர்களுக்குக் கணக்கில்லை.

இனி நம் வினாவுக்கு வருவோம். இதில் குற்றம் என்ன என்று ஒருவர் கேட்கலாம். பிளெட்சர் யாருக்கும் நஞ்சு கொடுக்கவில்லை. முன்பு கொடுத்த அதே அரிசியைத்தான் கொடுத்தார். விடையும் முன்கூட்டித் தெரிந்ததன்று. பயனோ பெரிது. இவ்வளவும் உண்மையே. ஆயினும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. சுவருக்குள் அடைபட்டிருந்த அவர்களுக்கு “எனக்கு வேண்டாம்” என்று சொல்லும் வழி இல்லை. வேண்டாம் என்று சொல்ல முடியாதவன் தட்டில் விழுந்ததை உண்டான் என்பது சம்மதம் ஆகாது. ஒரு படி அரிசி விற்பதற்கே இரு தரப்பு மனமும் ஒப்ப வேண்டும், இல்லையேல் அது வியாபாரமே அன்று என்று நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. உயிரை வைத்து நடக்கும் காரியத்துக்கு அதனினும் குறைந்த நியாயம் போதுமா? விளைந்த நன்மை பெரிது என்பதனால், கேளாமல் எடுத்த கடன் தீர்ந்துவிடாது.

இவ்வுண்மையை உலகம் மிகக் கசப்பான அனுபவத்தின் பின்னரே ஏற்றது. நாஜி மருத்துவர்களின் கொடுமைகளை விசாரித்த நூரெம்பர்க் நீதிமன்றம் 1947இலும், உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கியில் 1964இலும், ஆராய்ச்சிக்கு ஆட்படுபவரின் சம்மதத்தை முதன்மையாக வைத்து நெறிகளை வகுத்தன.

ஆராய்ச்சியாளரை மட்டும் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்வதும் நேர்மையாகாது. நம்மில் பலருக்குப் பூர்வீகமான இராமநாதபுரம் சீமையின் ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், தனியார் மனநல விடுதி ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினர். மாண்டோர் 28 பேர். அவர்களை அங்கே விட்டுச் சென்றவர்கள் பகைவர்கள் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தாருமே. அன்பும் இருந்தது, துஆவும் இருந்தது. கட்டுண்டவனின் விருப்பம் ஒன்றுதான் கேட்கப்படவில்லை. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்துள்ளது. துஆவோடு மருந்தும் சேர்ந்தே கிடைக்க வேண்டும் என்னும் முயற்சி ஏர்வாடியிலும் பின்னர் தொடங்கியது.

பேச்சின் வழியாகச் செய்யும் உளச்சிகிச்சையில் இப்பொறுப்பு இன்னும் நுட்பமானது. அங்கே மருந்தில்லை, கத்தியில்லை. நோயாளி வாய்திறந்து சொல்லும் இரகசியமே சிகிச்சையின் கச்சாப் பொருள். சொன்னவர் வலுவிழந்தவராகிறார், கேட்டவர் வலுப்பெறுகிறார். எனவேதான் இரகசியம் காத்தல், தகுதிக்கு மீறிய காரியத்தில் கை வைக்காதிருத்தல், நோயாளியின் நம்பிக்கையைத் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்தாதிருத்தல் ஆகியவை தொழிலின் அறமாயின. மலேசியாவில் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி, பதிவும் தொழிற்சான்றும் இல்லாதவர் ஆலோசகராகத் தொழில் நடத்தலாகாது. பெயர்ப்பலகை எழுதி மாட்டியவரெல்லாம் ஆலோசகர் அல்லர் என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

இரகசியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவர் தம் உயிரையோ பிறர் உயிரையோ போக்கத் துணிந்துவிட்டார் என்று தெரிந்தால், வாய்மூடி இருப்பது அமானிதம் காத்தல் ஆகாது. அப்போதும், காக்க வேண்டியவரிடம், வேண்டிய அளவு மட்டுமே சொல்ல வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த சட்டப்பிரிவு இந்நாட்டில் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே உதவி தேட அச்சமும் வேண்டியதில்லை.

தோட்டங்கள் இன்று குறைந்துவிட்டன. இருப்பவற்றில் செம்பனைக் குலை வெட்டுவோர் பெரும்பாலும் பிற நாட்டினர். எனினும் பகாவிலோ தம்பினிலோ ஒரு கடை திறந்திருக்கும்வரை, கல்லாவின் முன் நின்று சாமான் வாங்கிய பின்னும் போகாமல் தயங்குபவர் ஒருவர் இருக்கத்தான் செய்வார். அவர் சொல்வதைக் கேட்போம். வைத்தியம் பார்க்க நாம் துணிய வேண்டாம். தகுந்த மருத்துவரிடம் போகச் சொல்லி, அவர் சம்மதித்தால் உடன் செல்வோம். அவர் சொன்னதை அடுத்த வாடிக்கையாளரிடம் சில்லறையாக விற்காதிருப்போம். ஒப்படைத்த பொருளைக் குறையாமல் காத்த முன்னோரின் பிள்ளைகள் நாம். ஒப்படைத்த மனத்தையும் அவ்வாறே காப்போமாக.