சந்தேகமும் தீர்ப்பும்

ஒரு குறையைத் தீர்ப்பது வேறு. அது இன்ன குறை என்று தெரிந்து தீர்ப்பது வேறு. முதலாவதே நம்மில் பெரும்பாலோருக்குப் போதுமானதாக இருக்கிறது. தலைவலி போனால் சரி, அது எதனால் வந்தது என்று யார் கேட்கிறார்கள்? ஆனால் தெரியாமல் தீர்த்த குறை உண்மையில் தீர்ந்ததுதானா? இதற்கு விடை காணத் தத்துவ நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. நெடுநாள் ஓடாமல் கிடந்த ஒரு பழைய மோட்டார் காரின் அருகில் சற்று நேரம் நின்றாலே போதும்.

பெட்ரோலில் ஓடும் பழைய அம்பாஸிடரையே எடுத்துக்கொள்வோம். மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, வங்காளத்து உத்தரபாராவில் தயாரான வண்டி; 1489 சி.சி. அளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின். 2014-ல் அம்பாஸிடர் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆயினும் தாத்தாவின் ஞாபகமாக, விற்க மனம் வராமல், அதைக் கொட்டகையில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒரு நல்ல நாள் பார்த்து, புது பாட்டரி போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்துச் சாவியைத் திருப்புகிறார்கள். எஞ்சின் உயிர் பெறுகிறது. ஆனால் சீராக ஓடவில்லை. விக்கல் எடுத்தவர் பேசுவது போல் விட்டு விட்டு ஓடுகிறது. வண்டி முழுவதும் குலுங்குகிறது. "ஓட்டாமல் பத்திரமாகத்தானே வைத்திருந்தோம்! எப்படிக் கெட்டது?" என்று வீட்டார் வியக்கிறார்கள்.

பத்திரமாக வைத்ததுதான் வினை. சும்மா கிடப்பது யந்திரத்துக்கு ஓய்வாகிவிடாது. பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோய், எஞ்சியது பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்ணிய வழிகளை அடைக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; நாளடைவில் தண்ணீர் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கவும் கூடும். டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டில் மெல்லிய படலம் படிந்து மின்சாரத்தைத் தடுக்கிறது. ரப்பர் குழாய்கள் காய்ந்து வெடித்து, வேண்டாத காற்றை உள்ளே விடுகின்றன. எஞ்சின் நின்ற வேளையில் திறந்தபடி நின்ற வால்வு துருப்பிடித்து இறுகியிருக்கலாம். இவ்வளவும் போதாதென்று எலி வேறு வயரைக் கடித்திருக்கலாம்.

ஆகச் சந்தேகத்துக்கு உரியவர்கள் பலர். குற்றவாளி ஒருவனா, இருவரா, யாருக்கும் தெரியாது. இந்த நிலையில் இரண்டு வழிகள் உண்டு.

எல்லாவற்றையும் மாற்றிவிடுவது ஒரு வழி. நான்கு பிளக், பாயிண்ட், கண்டென்ஸர், வயர்கள், கார்புரேட்டர், எல்லாம் ஒரே நாளில் புதிது. வண்டி ஓடிவிடுகிறது. எது கெட்டிருந்தது என்று கேட்டால் மாற்றியவருக்கும் தெரியாது.

இன்னொரு வழி பொறுமைசாலியின் வழி. பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதியது ஊற்றுவதையும், எஞ்சின் ஆயிலை மாற்றுவதையும் அவரும் செய்வார். அது ஊரிலிருந்து வந்தவருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது போன்ற உபசாரம்; அதில் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை. விசாரணை அதற்குப் பிறகுதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ரப்பர் உறை போட்ட கையால் ஒரு பிளக்கின் வயரைக் கழற்றுகிறார். (கம்ப்யூட்டர் பொருத்திய புது வண்டிகளில் இப்படிச் செய்யக் கூடாது.) குலுக்கல் அதிகமாகிறது. அப்படியானால் அந்தச் சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது. மாட்டிவிட்டு அடுத்ததைக் கழற்றுகிறார். மூன்றாவதைக் கழற்றும்போது ஒரு மாற்றமும் இல்லை. இருந்தும் இல்லாததும் ஒன்றாக இருப்பவன் இவன்தான்!

நம்மில் பலர் இங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவோம். அவர் எழுதுவதில்லை. எஞ்சினை நிறுத்தி, மூன்றாவது பிளக்கை முதலாவதின் இடத்திலும் முதலாவதை மூன்றாவதின் இடத்திலும் வைக்கிறார். குறை பிளக்கோடு முதலாவதுக்குப் போனால் பிளக் குற்றவாளி. மூன்றாவதிலேயே தங்கினால் வயரைப் பார்க்க வேண்டும். வயரும் நல்லதென்றால் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கிறார். குறைவாக இருந்தால் பிளக் துளை வழியே சிறு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்கிறார். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது, இதுதான் அவருடைய தர்மம். இரண்டை மாற்றிவிட்டால், கிடைத்த பதில் எதனுடைய பதில் என்று எப்படிச் சொல்வது?

"உங்களுக்கு வேண்டியது ஓடுகிற வண்டியா, வேதாந்தமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிளக்கின் விலை சொற்பம். மெக்கானிக்கின் அரை நாள் அதைவிட அதிகம். ஆனால் புதிதாக மாட்டியதே பழுதுள்ள சரக்காக இருந்துவிட்டால்? ஐந்தையும் சேர்த்து மாற்றியவர் அப்போது எங்கே போய்த் தேடுவார்? காசு நஷ்டத்தைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விசாரிக்காமல் மாற்றும் பழக்கம் கொட்டகையோடு நின்றுவிடுவதில்லையே!

இரண்டு வருஷம் வேலையில்லாமல் வீட்டில் கிடந்த பிள்ளைக்கு வேலை கிடைக்கிறது. ஆனாலும் அவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள். "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்." அந்த இரண்டு வருஷத்தில் அவன் மனத்தில் என்ன படிந்தது, எது இறுகியது என்று அவனை உட்கார வைத்து யாரும் கேட்கவில்லை. கல்யாணம் நடக்கிறது. அவன் சரியாகிவிட்டால் ஜாதகப் பொருத்தத்துக்குப் பெருமை. சரியாகாவிட்டால், "அவள் காலடி வைத்த வேளை!" குறை உண்டான காலத்தில் அந்த வீட்டு வாசலையே மிதித்திராத ஒரு பெண் குற்றவாளி ஆகிறாள். பிளக்கை மாற்றினால் பிளக் அழுவதில்லை. மனிதர்களை அப்படி மாற்றிப் பார்க்க முடியுமா?

நோயைக் கண்டு, அதன் காரணத்தைக் கண்டு, பிறகு தணிக்கும் வழியைக் காண வேண்டும் என்று மருந்து அதிகாரத்தில் வரிசை வகுத்தார் வள்ளுவர். நாமோ நடுவில் உள்ளதை விட்டுத் தாண்டிவிடுகிறோம். மூன்றாவது சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பது உண்மை. ஆனால் தீப்பொறி வந்து சேராவிட்டால் அது என்ன செய்யும்? வேலை செய்யாதவன் யார் என்று கண்டதும் நாம் விசாரணையை முடித்துக்கொள்கிறோம். விசாரணை தொடங்க வேண்டிய இடமே அதுதான்.

"இன்னும் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை நம்பிக் கொடுக்கலாம். அப்படிச் சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த வீட்டில் பிறந்தவர்களும் அங்கே வாழ வருகிறவர்களும் பாக்கியசாலிகள்.