தறிக்கூடத்து மருத்துவக் கடன்

ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் விசைத்தறிகளில் அதிகம் ஓடுவது பேண்டேஜ் துணி. ஊர் உலகத்தின் காயத்துக்குக் கட்டுப்போடும் துணியை நெய்கிறவர் நோயில் விழுந்தால், பல இடங்களில் அவருக்கு முதலில் கிடைப்பது முதலாளி தரும் அட்வான்ஸ்தான். நல்ல மனதோடுதான் கொடுக்கிறார். தர்மம் என்றே நினைக்கிறார். ஆனால் அந்தத் தொகை கணக்கில் ஏறுகிறது, வாரக் கூலியில் கழிகிறது, தீரும்வரை வேறு தறிக்குப் போக விடுவதில்லை. உழைப்பைப் பெற்றவரே கடன்பட்டவர் என்றால், இங்கே கடன் தலைகீழாக எழுதப்படுகிறது. தொழிலாளியின் மருத்துவம் முதலாளியின் ஈகையா, அவர் தீர்க்கவேண்டிய கடனா என்று கேட்டால், கடன் என்பதே என் விடை.

கடன் என்று சட்டமாக்கினால், சட்டத்துக்குப் பயந்து கொடுப்பதில் என்ன புண்ணியம் என்று கேட்பார்கள். ஆண்டாள் கோயில் கோபுரத்தைப் பார்த்து வாழும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இந்த வாதத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் நம் சமய மரபே மருத்துவத்தைக் கொடுப்பவர் மனம்போல விட்டுவிடவில்லை. வீரராஜேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் பெருமாள் கோயில் கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையை, சொல்வதோடு, அங்கிருந்த வைத்தியருக்கும் பணியாளருக்கும் எவ்வளவு என்று அளந்தும் எழுதிவைத்திருக்கிறது. மனம் மாறலாம், அளவு மாறக்கூடாது என்றுதானே கல்லில் வெட்டினார்கள்? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. செய்வதும் அதுவே. கூலியில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. மாதம் 12,000 ரூபாய் வாங்குபவருக்காக முதலாளி கட்டுவது 390 ரூபாய். அரசு ஆஸ்பத்திரியும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இருக்க இது எதற்கு என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அவை சிகிச்சை தரும், அது சின்ன விஷயமல்ல. ஆனால் படுத்துக் கிடக்கும் நாளுக்குக் கூலி தராது. இ.எஸ்.ஐ. ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம் தருகிறது.

ஐந்தாறு தறி போட்டவரால் இது முடியுமா என்பதுதான் கனமான கேள்வி. தொழிற்கூடங்களுக்குச் சட்டம் 10 பேர் என்று கோடு போடுகிறது. சிறிய தறிக்கூடங்களும், ஸ்ரீவில்லிபுத்தூரில் அடுப்படியில் நின்று பால்கோவா கிண்டுகிறவர்களில் பலரும் அந்தக் கோட்டுக்கு வெளியே. (பதினைந்து பேரை ஒன்பதாகக் காட்டும் கெட்டிக்காரர்களை விட்டுவிடுவோம்.) கூலிக்கு நெய்யும் சிறு தறிக்காரருக்கு நூலும் சொந்தமில்லை, துணியும் சொந்தமில்லை. அவரே பாதித் தொழிலாளி. ஐந்து பேருக்கு மாதம் 1,950 ரூபாய் அவருக்கு நிஜமான சுமை. அதனால் கடன் இல்லாமல் போய்விடாது. நூல் கொடுத்த வியாபாரிக்கும், துணியை மலிவாகக் கேட்கும் ஆஸ்பத்திரிக்கும் அது மேலேறுகிறது. கூலி ஒப்பந்தத்தில் மீட்டருக்கு இத்தனை காசு மருத்துவச் சந்தாவுக்கு என்று தனியாக எழுதி, வியாபாரியிடம் வாங்கவேண்டும். விலை ஏறினால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும் என்ற பயம் பொய்யல்ல. சத்திரப்பட்டி மட்டும் ஏற்றினால் அதுதான் நடக்கும். அரசு ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வாங்கும் டெண்டரிலேயே, நெய்தவருக்குச் சந்தா கட்டியிருக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால், எந்த ஊரில் நெய்தாலும் அந்தக் காசைக் கட்டித்தான் ஆகவேண்டும்.