நம்பப்படாத நோவு

பிறர் கூறும் நோவை எந்த அளவுக்கு நம்ப நாம் கடமைப்பட்டுள்ளோம்? காயத்தைக் கண்ணாற் கண்டால் இவ்வினா எழுவதில்லை. சான்று எதுவும் வெளியே தெரியாதபோதே நமது நீதியுணர்வு சோதனைக்குள்ளாகிறது.

எண்டோமெற்றியோசிஸ் என்னும் நோயை எடுத்துக்கொள்வோம். கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வதே இந்நோய். சூலகத்திலும் வயிற்றறையின் உட்சுவரிலும் அது பற்றிக்கொள்கிறது. சிலருக்குக் குடலிலும், பெரும்பாலும் நேர்குடலிலும் அதனை அடுத்த பெருங்குடற் பகுதியிலும், வேரூன்றுகிறது. மாதந்தோறும் ஓமோன்களின் ஏற்ற இறக்கத்துக்கு அதுவும் இணங்குகிறது. கசியும் குருதிக்கோ வெளியேற வழியில்லை. அழற்சி உண்டாகிறது, தழும்பு இறுகி உறுப்போடு உறுப்பு ஒட்டிக்கொள்கிறது. மிக அரிதாக, வயிற்றறைக்குள்ளே குருதி பெருகி உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு. அன்று அனைவரும் நம்புகின்றனர். அதற்கு முந்திய ஆண்டுகளில்?

இனப்பெருக்க வயதுப் பெண்களிற் பத்தில் ஒருவர், அதாவது ஏறத்தாழ 19 கோடிப் பேர், இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2023இல் கூறியது. அமெரிக்க வைத்தியர் ஜோன் சாம்சன் 1920களிலேயே இதனை விரிவாக ஆராய்ந்து விளக்கமும் தந்தார். அவ்வாறிருந்தும் இதனை இனங்காணப் பல ஆண்டுகள் கழிகின்றன. குடல்வலியும் மலச்சிக்கலும் வயிற்றோட்டமும் வேறு குடல்நோயெனக் கொள்ளப்படுகின்றன. சாதாரண ஸ்கான் படத்தில் ஒன்றும் தெரியாதிருக்கலாம்; உடனே, படத்தில் இல்லாதது உடலிலும் இல்லை என முடிவுகட்டப்படுகிறது.

இதற்கு மருத்துவத்தின் குறையை மட்டும் காரணங்காட்ட நாம் ஒருப்படோம். பெண்ணென்றால் பொறுக்கத்தான் வேண்டும் என்னும் தீர்ப்பு, வைத்தியரைக் காணுமுன்பே வீட்டில் வழங்கப்பட்டுவிடுகிறது. மாதந்தோறும் இரண்டு நாள் வராத மாணவிக்கு வரவு இடாப்பில் ஒரு குறி விழுகிறது, அவ்வளவே. நாட்கூலிக்கு உழைப்பவளுக்கோ அந்த இரண்டு நாளும் அடுப்பெரியாத நாட்கள்.

நோவென்று பொய்யுரைப்போரும் உளரே என்பர் சிலர். இருக்கட்டும். பொய்யை நம்பினால் ஒரு நாள் வேலை கெடும். மெய்யை மறுத்தாலோ, குடல் அடைபட்டுச் சத்திரசிகிச்சை மேசைக்கு வரும்வரை ஒருத்தி காத்திருக்க நேரலாம். இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுப்பவர், பெரும்பாலும் வேலை கொடுப்பவராகவே இருப்பதை நாம் காண்கிறோம்.

ஜப்பான் 1947இலேயே மாதவிடாய் விடுப்பைச் சட்டமாக்கியது. ஆயினும் அங்கு அதனைக் கேட்டுப் பெறுவோர் மிகச் சிலரே. 2023இல் ஸ்பெயின் இயற்றிய சட்டம் இந்நோயையும் கருத்திற்கொள்கிறது. ஆனால் வைத்தியச் சான்றிதழைக் கேட்கிறது. நோயை இனங்காணவே ஆண்டுகள் கழியுமாயின், அவ்வாண்டுகளில் அவள் எதனைக் காட்டுவாள்?